முகாம் முடிந்த மறுநாள்

(சங்கத்தின் மாதர் பிரிவும் சுகாதாரக் குழுவும் சேர்ந்து நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. பேசியபடியே வெளியிடுகிறோம்.)



இந்தக் கூட்டத்தின் நோட்டீசை ஒட்டிய அன்றே நம் தெருவில் இரண்டு கேள்விகள் எழுந்தன. "குடிசை, மறுசீரமைப்பு, ரேஷன், தண்ணீர்க் குழாய் என்று பேச வேண்டிய சங்கம் வியாதியைப் பற்றி ஏன் பேசுகிறது?" என்பது ஒன்று. "அதுவும் பெண்களுக்கு வரும் வியாதியை ஆண்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பேசலாமா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு இந்த உரை முழுவதுமே பதில். இரண்டாவது கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறோம்: பேசாமல் இருந்ததால்தான் ஒருவரை இழந்தோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் இதே மன்றத்தில் நாம் ஓர் இலவச மருத்துவ முகாம் நடத்தினோம். மறந்திருக்க மாட்டீர்கள். வாசலில் தோரணம் கட்டினோம், ஒலிபெருக்கி வைத்தோம். மருந்துக் கம்பெனி ஒன்று மாத்திரை கொடுத்தது. ஒரு கட்சிக்காரர் பேனர் கொடுத்தார். பேனரில் அவர் படம் பெரிதாகவும் நம் சங்கத்தின் பெயர் சிறிதாகவும் இருந்தது. டாக்டர்கள் காலை முதல் மாலை வரை முகம் சுளிக்காமல் பார்த்தார்கள். 180 பெண்கள் வந்து போனார்கள். புகைப்படம் எடுத்தோம், நமது இதழிலும் வெளியிட்டோம். பெருமையாகத்தான் இருந்தது.

அந்த 180 பேரில் 7 பேருக்கு, "சந்தேகமாக இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு கொடுக்கப்பட்டது. ஏழு பேரில் ஒருவர், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு ஊற்றி, ஆறு மணிக்கு இட்லித் தூக்கோடு புறப்படும் நம் மதினி. பெயர் வேண்டாம். இங்கே இருப்பவர்களில் அவர் கையால் சாப்பிடாதவர்கள் குறைவு.

மதினி அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் வைத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் நேரமும் இட்லி விற்கும் நேரமும் ஒன்று. ஒரு நாள் போகாவிட்டால் வாடிக்கை போய்விடும். வலி இல்லை, அதனால் அவசரமும் இல்லை. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, அவர் வீட்டுக்காரருக்கும் தெரியாது. 14 மாதம் கழித்து, தீட்டு நின்று ஆறு வருடமான பெண்ணுக்கு இரத்தம் போக ஆரம்பித்தது. அப்போதும் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு ஒரு மருத்துவமனைக்குப் போனார். பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நடந்தது எங்கேயும் நடக்கும். மூன்றாம் கட்டம் என்றார்கள். கரண்ட் வைக்க வேண்டும், வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம், நடுவே கீமோ ஊசி என்றார்கள். சிகிச்சை தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. அதுதான் சரியான சிகிச்சை. ஆனால் ரேஷன் கார்டு திருநெல்வேலி மாவட்டத்துக் கார்டு. காப்பீட்டு அட்டையும் ஊர் அட்டை. ஒரு ஜன்னலில் "இது செல்லும்" என்றார்கள். அடுத்த ஜன்னலில் "ஊரில் போய்க் கையெழுத்து வாங்கி வா" என்றார்கள். முதல் இரண்டு வாரத்துக்கான பணத்தைக் கடன் வாங்கிக் கட்டினார்கள். பதினோரு நாள் கரண்ட் வைத்த பிறகு, கடனும் வாடகையும் கழுத்தை நெரிக்க, "ஊரிலே இலவசமாகப் பார்ப்பார்கள்" என்று ரயில் ஏறினார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் இங்கே எத்தனை நாள், எந்த அளவில் வைத்தார்கள் என்ற காகிதத்தைக் கேட்டார்கள். காகிதம் இல்லை. அது போய்ச் சேர்வதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. கரண்ட் வைக்கும் சிகிச்சையில் இடைவெளி விட்டால் நோய் திரும்பத் தலை தூக்கும் என்பதை இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். போன தை மாதம் மதினி காலமானார்.

தோழர்களே, யாரைக் குற்றம் சொல்வது? டாக்டர் தன் வேலையைச் செய்தார். கம்பெனி மாத்திரை கொடுத்தது. கட்சிக்காரர் பேனர் கொடுத்தார். நாம் நாற்காலி போட்டோம். எல்லாரும் சேர்ந்துதான் முகாம் நடத்தினோம். ஆனால் முகாம் முடிந்த மறுநாள் அந்த ஏழு பேருடைய வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியது யார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மற்றவர்கள் வெளியாட்கள். நாம் அதே சாளில் குடியிருப்பவர்கள். ஆகவே முதல் குற்றவாளி இந்தச் சுகாதாரக் குழுதான். இதைச் சொல்லாமல் மேற்கொண்டு பேசும் யோக்கியதை எங்களுக்கு இல்லை.

இப்போது நோயைப் பற்றிக் கொஞ்சம். கருப்பை வாயில் வரும் இந்தப் புற்றுநோய் ஒரு வைரசால் வருகிறது. தாம்பத்திய உறவின் வழியே பரவும் கிருமி அது. பெரும்பாலோருக்கு வந்து தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கி, பத்துப் பதினைந்து ஆண்டுகள் மெதுவாக வேலை செய்து புற்றாகிறது. ஒழுக்கக் கேட்டுக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்களை வாயடைக்க வேண்டும். கணவன் ஒருவனையே அறிந்த பெண்ணுக்கும் வரும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் அவகாசம் கொடுக்கும் நோய் வேறு எது? அந்த அவகாசத்தில் ஒருமுறை பார்த்தாலே பிடித்துவிடலாம். ஆனால் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இது புதிதாக வந்தது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். பணக்கார நாடுகளில் இது அபூர்வமாகிவிட்ட நோய். இங்கே இட்லி விற்கும் பெண்ணின் நோய், வயலில் நாற்று நடும் பெண்ணின் நோய், பீடி சுற்றும் பெண்ணின் நோய்.

பார்ப்பதற்கு என்ன வேண்டும்? பெரிய இயந்திரம் வேண்டுமா? இல்லை. சமையலுக்கு வாங்கும் வினிகர் இருக்கிறதே, அதே சரக்குதான். நூற்றுக்கு நான்கு பங்கு அசெட்டிக் அமிலம் கலந்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டுக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், கோளாறு உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். டார்ச் விளக்கு போன்ற ஒரு வெளிச்சமும், பழகிய கண்ணும் போதும்.

இதை நிரூபித்த இடம் எது தெரியுமா? நாம் வாழும் இதே மும்பை. பரேல் டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர்கள், டாக்டர் சுரேந்திர சாஸ்திரி தலைமையில், 1998ஆம் ஆண்டு இந்நகரின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அமெரிக்க அரசின் புற்றுநோய் நிறுவனம் பணம் கொடுத்தது. பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்ல. பத்தாவது படித்த பெண்கள். நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் கோளிக்குக் கோளி ஏறி இறங்கி, மாமியாரிடம் பேசி, வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்தி, 75 ஆயிரம் பெண்கள் கொண்ட ஒரு பிரிவை இரண்டாண்டுக்கு ஒருமுறை பார்த்தார்கள். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் அந்தப் பிரிவில் இந்த நோயால் ஏற்படும் சாவு 31 சதவிகிதம் குறைந்திருந்தது. 2013ஆம் ஆண்டு உலகமே இதைக் கேட்டது. நம் பக்கத்துத் தெருவில் நம்மைப் போன்ற பெண்கள் செய்த வேலை அது.

நம் ஊர்ப் பக்கத்திலும் ஒன்று நடந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி, அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையமும் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியும் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து, 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதே வினிகர்ப் பரிசோதனையைச் செய்தன. அங்கே செய்தவர்கள் நர்சுகள். வெள்ளை தெரிந்தால் பலருக்கு அன்றைக்கே அங்கேயே குளிரூட்டிக் கருக்கும் சிகிச்சையும் கொடுத்துவிட்டார்கள். "பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு" என்ற சீட்டுக்கே அவசியமில்லாமல் போனது. இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே சாவு 35 சதவிகிதம் குறைந்தது. 2007ஆம் ஆண்டு முடிவு வெளியானது.

இவ்வளவு சொன்ன பிறகு, கசப்பான பகுதியையும் சொல்ல வேண்டும். ஆய்வு என்றால் இரண்டு பிரிவு இருக்கும் அல்லவா? ஒரு பிரிவைப் பார்த்தார்கள். மற்றப் பிரிவைப் பார்க்கவில்லை. மும்பை, திண்டுக்கல், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆகிய மூன்று ஆய்வுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் பெண்கள் பார்க்கப்படாத பிரிவில் இருந்தார்கள். அவர்களில் குறைந்தது 254 பேர் இதே நோயால் இறந்தார்கள் என்று கணக்கெடுத்துச் சில மருத்துவர்களே கேள்வி எழுப்பினார்கள்: பரிசோதனையால் சாவு குறையும் என்பது மேல்நாடுகளில் எப்போதோ தெரிந்த விஷயமாயிற்றே, ஏழைப் பெண்களை ஏன் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தீர்கள் என்று. ஆய்வு நடத்தியவர்கள் பதில் சொன்னார்கள்: மேல்நாட்டு முறை வேறு, இந்த மலிவான முறை பயன்படுமா என்று யாருக்கும் தெரியாது; இந்தியாவில் யாரையுமே பார்ப்பதில்லை, ஆகவே பார்க்கப்படாதவர்களுக்கு நாட்டின் வழக்கத்தைவிடக் குறைவாக எதுவும் நேரவில்லை என்று.

நாங்கள் இரண்டு தரப்பையும் யோசித்துப் பார்த்தோம். அந்த டாக்டர்களைக் கொலைகாரர்கள் என்று கூவ எங்களுக்கு வாய் வரவில்லை. அவர்கள் குடிசைக்குள் வந்தவர்கள், வராதவர்கள் எத்தனையோ பேர். ஆனால் "ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இந்நாட்டின் வழக்கம்" என்ற அந்தப் பதில் இருக்கிறதே, அது டாக்டர்களின் பதிலாக இருக்கலாம். அரசாங்கத்தின் மீது அதுவே குற்றப்பத்திரிகை. அந்த 254 பேருக்கு நாடு செலுத்த வேண்டிய கடன் ஒன்றே ஒன்றுதான்: முடிவு தெரிந்த நாளிலிருந்து எல்லாப் பெண்களையும் பார்ப்பது. பார்த்தார்களா?

2016ஆம் ஆண்டு மத்திய அரசு விதி வகுத்தது. முப்பது வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் எல்லாருக்கும் வாய், பெண்களுக்கு மார்பும் கருப்பை வாயும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று. நல்ல விதி. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஆயுளில் ஒரு தடவையாவது கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை, 1.9 சதவிகிதம். தமிழ்நாடு நாட்டிலேயே முன்னணியில் நின்றும், ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒருவர்தான். உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய ஊர் நம் ஊர். நம் பெண்களுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

அரசு, கம்பெனி, அறக்கட்டளை, மருத்துவமனை, தொண்டு நிறுவனம் எல்லாம் கைகோத்தால் ஏழை நாடுகளில் புற்றுநோயை வெல்லலாம் என்று இப்போதெல்லாம் மேடை தோறும் பேசுகிறார்கள். கைகோப்பதை நாமும் வரவேற்கிறோம். ஆனால் கைகோத்து நிற்பவர்கள் நடுவே நாம் எங்கே நிற்கிறோம் என்று கேட்காமல் கை தட்ட மாட்டோம். காரணம் உண்டு.

2009ஆம் ஆண்டு அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் இந்த வைரசுக்கு எதிரான தடுப்பூசியை ஏறத்தாழ 24 ஆயிரம் சிறுமிகளுக்குப் போட்டார்கள். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தியது, கம்பெனிகள் ஊசி கொடுத்தன, மாநில அரசுகள் ஆள் கொடுத்தன. கூட்டுறவுக்குக் குறைச்சல் இல்லை. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணம் என்று விசாரணையில் தெரியவரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நாமே வீண் பயத்தைக் கிளப்பியவர்கள் ஆவோம். ஆனால் வெளிவந்தது வேறொன்று. கம்மத்தில் பழங்குடிச் சிறுமிகள் பலருக்குத் தாய் தகப்பனிடம் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013ஆம் ஆண்டு நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. விளைவு என்ன? நல்ல ஊசியின் மீது பெற்றோருக்கு நம்பிக்கை போயிற்று. நாடு பல ஆண்டுகளை இழந்தது. தாய் தகப்பனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இழந்திருக்க வேண்டாம்.

இதிலே ஒரு விசித்திரம். அப்போது அரசு எல்லாத் தடுப்பூசி ஆய்வுகளையும் பாதியில் நிறுத்தியதால், நாட்டின் வேறு இடங்களில் நடந்த ஓர் ஆய்வில் பல ஆயிரம் சிறுமிகளுக்கு ஒரே ஓர் ஊசியோடு நின்றுபோயிற்று. அவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துப் பார்த்தால், இரண்டு மூன்று ஊசி போட்டவர்களுக்கு இருந்த பாதுகாப்பு ஒரே ஊசி போட்டவர்களுக்கும் இருந்தது. 2021ஆம் ஆண்டு அது வெளிவந்தது. மறு ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் ஒரு ஊசி முறையை ஏற்றுக்கொண்டது. ஏழை நாடுகளுக்குச் செலவு குறைந்தது. 2018ஆம் ஆண்டிலேயே சிக்கிம் அரசு பள்ளிக்கூடம் வழியாக, பெற்றோரிடம் முதலில் பேசி, தகுதியுள்ள சிறுமிகளில் ஏறத்தாழ எல்லாருக்கும் போட்டு முடித்தது. 2023ஆம் ஆண்டு புனே சீரம் நிறுவனம் அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து உள்நாட்டு ஊசியையும் கொண்டுவந்தது. ஒன்பது வயதுமுதல் பதினான்கு வயது வரை பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து பேசுங்கள். பயம் இருந்தால் பயத்தையும் சொல்லுங்கள்.

மருந்து விலையைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குப் பக்கத்தில் நடந்த சண்டைகூட நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இரத்தப் புற்றுக்குக் கிளிவெக் என்ற மாத்திரை. வெளிநாட்டுக் கம்பெனி விலை மாதம் லட்ச ரூபாய்க்கு மேல். நம் நாட்டுக் கம்பெனிகள் செய்தால் பத்தாயிரத்துக்குள். காப்புரிமை கேட்ட கம்பெனியின் மனுவை 2006ஆம் ஆண்டு தள்ளுபடி செய்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். எதிர்த்து மனுப் போட்டவர்களில் மருந்துக் கம்பெனிகள் மட்டுமல்ல, இதே மும்பையில் இயங்கும் நோயாளிகள் உதவிச் சங்கம் ஒன்றும் இருந்தது. வழக்கு ஏழாண்டு இழுத்தது. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நோயாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு, ஈரல் மற்றும் சிறுநீரகப் புற்றுக்கான வேறொரு மருந்து, மாதம் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் விற்றதை, ஐதராபாத் நாட்கோ கம்பெனி கட்டாய உரிமம் வாங்கி 8,880 ரூபாய்க்குத் தர வேண்டியதாயிற்று. சங்கம் வைத்து, வக்கீல் வைத்து, விடாமல் நின்றால் விலை இறங்கும்.

சேர்ந்து வாங்கினாலும் இறங்கும். மாதக் கடைசியில் நாலு குடும்பம் சேர்ந்து அரிசி மூட்டை எடுக்கிறோமே, அதே வித்தைதான். 2012ஆம் ஆண்டு தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் அரசு, தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகள் எல்லாம் உறுப்பினர்கள். அவற்றில் 23 மையங்கள் சேர்ந்து 40 மருந்துகளுக்கு ஒரே பேரமாகப் பேசின. தனித்தனியே வாங்கினால் ஆகியிருக்கும் செலவில் 1,320 கோடி ரூபாய் மிச்சம். ஐந்தில் நான்கு பங்கு! அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக அந்த நான்கு பங்கை யார் சாப்பிட்டார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பரேல் நடைபாதையில் பாயை விரித்துப் படுத்திருக்கும் அஸ்ஸாம்காரர்களையும் பீகார்காரர்களையும் பார்த்திருப்பீர்கள். அவர்களும் நம்மைப் போல ரயில் ஏறி வந்தவர்களே. நாம் பிழைப்புக்கு வந்தோம், அவர்கள் உயிருக்கு வந்திருக்கிறார்கள். அஸ்ஸாம் அரசும் டாடா அறக்கட்டளையும் சேர்ந்து கட்டிய புற்றுநோய் மருத்துவமனைகளில் ஏழு 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. வீட்டுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருந்தால் பாதி நோயாளி சிகிச்சையைப் பாதியில் விடமாட்டான். மதினிக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருந்தது. அவருக்கு வீடு இரண்டு இடத்தில் இருந்தது, அதுதான் வினை. கார்டு ஊரில், உடம்பு இங்கே.

2018 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்றும், தகுதியுள்ளவர் எந்த மாநிலத்திலும் சிகிச்சை பெறலாம் என்றும் காகிதத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் மாநிலத் திட்டங்கள் தனியே இருக்கின்றன. எது எங்கே செல்லும் என்பது ஜன்னலில் இருப்பவருக்கே சரியாகத் தெரிவதில்லை. நோயாளிக்கு எப்படித் தெரியும்? தோல் பட்டறையிலும் பை தைக்கும் கூடத்திலும் வேலை செய்கிறவர்களில் இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொன்னால் இந்த மன்றத்தில் பத்துக் கை எழும்பாது. முதலாளி பிடித்தம் செய்து கட்டியிருந்தால் புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும். நோய் வந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். முதல் கேள்வி கேட்ட அண்ணாச்சிக்குப் பதில் இதுதான். இ.எஸ்.ஐ., ரேஷன் கார்டு, காப்பீடு என்று சங்கம் நாளும் பேசும் விஷயங்கள்தான் கடைசியில் ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டாம் நாள் கரண்ட் வைப்பதா இல்லையா என்று முடிவு செய்கின்றன.

ஒரு சங்கம் என்ன செய்ய முடியும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இரண்டே உதாரணம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தைத் துணையாக வைத்து, வீடு வீடாக நிதி திரட்டி, 1954ஆம் ஆண்டு அடையாற்றில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தென்னாட்டுக்கே அது நிழல் தந்தது. அடுத்தது கோழிக்கோடு. 1993ஆம் ஆண்டு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் நோயாளிகளின் வலியைத் தீர்க்க ஒரு சிறு அமைப்பைத் தொடங்கினார்கள். டாக்டர்கள் மட்டும் போதவில்லை. அக்கம்பக்கத்தார் பயிற்சி எடுத்துக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி நோயாளி வீட்டுக்குப் போனார்கள். பணம், கடைக்காரரும் தொழிலாளியும் மாணவரும் போட்ட சில்லறை. அதிலிருந்து வளர்ந்து 2008ஆம் ஆண்டு கேரள அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. இந்தியாவில் அதுதான் முதல். மதினி கடைசி இரண்டு மாதம் வலியில் கத்திய சத்தம் தெருவே கேட்டது என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். வலிக்கு மார்பின் மாத்திரை உண்டு. விலை அதிகமில்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் அதை வைக்காமலே இருந்தன. 2014ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்திய பிறகும் பல ஊர்களில் வந்து சேரவில்லை. அவர் ஊரிலும் இல்லை.

இனி நம் வேலை. குழு கூடிச் சில முடிவுகளை எடுத்திருக்கிறது; பொதுக்குழு ஒப்ப வேண்டும்.

அடுத்த முகாம் உண்டு. ஆனால் பரிசோதனை முடிவு சரியில்லாதவர்களை இன்ன ஆஸ்பத்திரியில், இன்ன கிழமை பார்ப்போம் என்று மருத்துவமனை எழுத்தில் கொடுக்காமல் தேதி குறிக்கப் போவதில்லை. பேனர் கொடுப்பவரிடம் படம் வேண்டாம், நோயாளிகளின் பஸ் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்போம். மறுத்தால் பேனரும் வேண்டாம். சீட்டுகளைத் தமிழிலும் எழுதித் தரக் கேட்போம். ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு பேர் பொறுப்பு, ஒருவர் கட்டாயம் பெண். பத்தாவது வரை படித்த நம் பெண் பிள்ளைகள் நாற்பது பேராவது இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். மாநகராட்சிச் சுகாதார நிலையத்தின் ஆஷா பணியாளர்களோடு அவர்கள் சேர்ந்து போக அனுமதி கேட்டு மனு தயாராக இருக்கிறது. ஆண்களும் தப்ப முடியாது: புகையிலை போடுகிறவர்கள், பீடி குடிக்கிறவர்கள் எல்லாரும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். திருவனந்தபுரத்தில் வாயைப் பார்த்தே புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுச் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். இங்கே சில வீடுகளில் மிஸ்ரி தேய்த்துப் பல் விளக்கும் பழக்கத்தை மராட்டிச் சகோதரிகளிடமிருந்து நம் பெண்களும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் வர வேண்டும்.

சிகிச்சையை நடுவில் விட்டு ஊருக்குப் போகிறவர்கள் ரயில் ஏறும் முன் எங்களிடம் சொல்ல வேண்டும். கடன், வாடகை, எதுவானாலும். கடனைத் தீர்க்க எங்களால் முடியாது. ஆனால் எத்தனை நாள் கரண்ட் வைத்தார்கள் என்ற காகிதத்தை வாங்கிக் கையில் கொடுத்து அனுப்ப முடியும். அதற்குச் செலவு இல்லை. அந்த ஒரு காகிதம் இல்லாமல்தான் ஆறு வாரம் போயிற்று.

சீட்டு வாங்கிய ஏழு பேரில் மற்ற ஆறு பேரைப் போன மாதம் தேடினோம். நால்வரைக் கண்டுபிடித்தோம். மூவரைப் பார்த்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. நான்காமவர் சிகிச்சையில் இருக்கிறார், தொடக்க நிலை. மீதி இருவரும் வீடு மாறிப் போய்விட்டார்கள். ஒருவர் மான்குர்த் பக்கம் என்கிறார்கள். மற்றவர் ஊருக்கே திரும்பி, கோவில்பட்டி அருகே இருப்பதாகக் கேள்வி. இருவரையும் தெரிந்தவர்கள் யாராவது இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். பெயரை மேடையில் சொல்ல மாட்டோம். நூலக அறையில் மாதர் பிரிவுச் செயலாளர் அக்கா உட்கார்ந்திருப்பார். போகும்போது அவரிடம் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.